வாத்துக்கு இட்ட எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் பரிந்துரையின் பேரில் 1978இல் வெளிவந்த ‘ஹூ இஸ் கில்லிங் த கிரேட் செஃப்ஸ் ஆஃப் யூரோப்?’ படத்தைப் பார்த்தேன். கொலைகள் குரூரமானவை, ஆயினும் சிரித்துவிட்டேன், அது உறுத்துகிறது. கொலைக்கான காரணமோ சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. இதைத் துப்பறியும் படமென்று கொள்ள முடியுமா?

க.

அன்புள்ள க.,

முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத இயலாது. படத்தைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ராபர்ட் மார்லி நடித்த உணவு இதழாசிரியர் மேக்ஸ், உலகின் தலைசிறந்த விருந்து இதுவென்று புறா, சிங்கி இறால், வாத்து, குளிர்ந்த இனிப்பு என நான்கு பதார்த்தங்களைத் தேர்ந்து வெளியிடுகிறார். அவற்றைச் சமைப்பவர்கள் அந்த வரிசையிலேயே, தத்தம் பதார்த்தம் ஆகும் விதத்திலேயே சாகத் தொடங்குகிறார்கள். அடுத்தது யார் என்பதை விருந்துப் பட்டியலே சொல்லிவிடுவதால், ஏன் என்ற கேள்வி மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது.

தாங்கள் சிரித்ததில் குற்றமில்லை. வாட்டிய வாத்தின் நெஞ்சுக்கறியையும் தொடைகளையும் அரிந்தெடுத்தபின், எஞ்சிய கூட்டை உலோகப் பொறியில் இட்டுத் திருகி நசுக்கி, வடியும் இரத்தத்தையும் மஜ்ஜையையும் குழம்பாக்குவது பிரெஞ்சுச் சமையலின் பெருமைகளில் ஒன்று. பாரிஸின் தூர் தர்ஜான் உணவகம் 1890 முதல் இவ்வாத்துகளுக்கு வரிசை எண் இட்டுப் பரிமாறி வருகிறது. (பிணவறைச் சீட்டு நினைவுக்கு வந்தால் அது என் பிழையன்று.) பிலிப் நுவாரே நடித்த சமையற்கலைஞரின் தலை அந்தப் பொறிக்குள் அகப்படும்போது, அதுவரை நாவில் நீரூற அதைப் பார்த்திருந்த நாம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

காரணத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எடையைக் குறைக்காவிட்டால் மேக்ஸ் பிழைக்கமாட்டார் என்கிறார் மருத்துவர். மேக்ஸின் வாயைக் கட்ட முடியாத அவருடைய உதவியாளர் பீச்சம் அடுப்புகளை அணைக்க, அதாவது சமைப்பவர்களையே கொல்ல, துணிகிறார். சர்க்கரை நோயாளியிடமிருந்து இனிப்பு டப்பாவை ஒளித்துவைக்கும் அதே அக்கறைதான். இவர் டப்பாவை விட்டுவிட்டு இனிப்பைச் செய்தவர்களிடம் போய்விடுகிறார். பொறாமையோ பணமோ காரணமாக இருந்திருந்தால், கொலைகளுக்கும் சமையலுக்கும் உள்ள உறவு வெறும் அலங்காரமாக நின்றிருக்கும்.

நாயகன் நாயகியாக வரும் ஜார்ஜ் சீகலும் ஜாக்குலின் பிஸெட்டும் ஊடிக்கொள்ளும் காட்சிகள் நீளம்தான். துப்பறியும் படமா என்ற ஐயத்துக்கு மறுமுறை பார்ப்பதே வழி: பீச்சம் எங்கும் ஒளியவில்லை, மேக்ஸின் பக்கத்திலேயே இருக்கிறார், பருத்த மார்லியையே பார்த்துக்கொண்டிருந்ததால் நாம் அவரைக் கவனிக்கவில்லை.