பட்டாளத்துக்காரர் பதில்கள்

கேள்வி: 1982-ல் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவை அர்ஜென்டினாவிடமிருந்து பிரிட்டன் மீட்டபோது எதிர்ப்பே இல்லையாமே! அவ்வளவு சுலபமா ஐயா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

கடைசி நாளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், தம்பி. மூன்று நாள் முன்னால் எல்லாமே கவிழப் பார்த்தது. ஏப்ரல் 21 அன்று பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். வீரர்களை வேவு பார்க்க அந்தத் தீவின் ஃபார்ச்சூனா பனியாற்றின் மேல் ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். பனிமலை தெரிந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. ஒரே ராத்திரிதான். பேய்க்காற்று. மறுநாள் காலை, 'வந்து எங்களைத் தூக்கிக்கொள்ளுங்கள்' என்று செய்தி. போன மூன்று வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களில் இரண்டு பனியில் விழுந்தன. மிஞ்சிய ஒன்றை ஓட்டியவர் இயான் ஸ்டான்லி. ஏற்றியவர்களைக் கப்பலில் விட்டுவிட்டு, மறுபடியும் போய் மீதிப் பேரை ஒரே நடையில் அள்ளிக்கொண்டு வந்தார். ஒருவரும் சாகவில்லை.

நான் சப்ளை பிரிவில் லடாக்கில் இருந்தவன். அந்த வெள்ளையில் தரை எது, வானம் எது என்று பிடிபடாது. கணியம்பாடி வெயிலில் உட்கார்ந்து சொன்னால் என் பேரன்கூட நம்புவதில்லை.

அதே ஹெலிகாப்டர்தான் 25-ஆம் தேதி அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நீர்மூழ்கியைக் கண்டுபிடித்து, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டது. மற்ற ஹெலிகாப்டர்களும் சேர்ந்து அடிக்க, அது நொண்டியபடி கரை சேர்ந்தது. பிரிட்டனின் பிரதானப் படை அப்போது வெகுதூரத்தில் வேறு கப்பலில். அதற்காகக் காத்திருக்காமல், மேஜர் ஷெரிடன் கையில் கிடைத்த சுமார் 75 பேரோடு இறங்கினார். ஆன்ட்ரிம், பிளிமத் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் ஆள்மேல் விழாமல் சுற்றிச் சுற்றிப் பீரங்கியடித்து மிரட்டின. வெள்ளைக்கொடி ஏறிவிட்டது. எதிரி மிரண்டிருக்கும்போதே போய் நின்றார்களே, அங்கேதான் ஜெயித்தார்கள் என்பேன்.

ஆனால் உயிரே போகவில்லை என்று எழுதுகிறார்களே, அது சரியில்லை. மறுநாள் அந்த நீர்மூழ்கியை இடம் மாற்றும்போது, ஃபெலிக்ஸ் அர்துசோ என்ற அர்ஜென்டினா கைதி அதை மூழ்கடிக்கப் பார்க்கிறார் என்று தப்பாக நினைத்துக் காவல் வீரர் சுட்டுவிட்டார்.

கேள்வி: ஆளே குடியிருக்காத தீவுக்கு எதற்குச் சண்டை?
– இல்லத்தரசி, ஆற்காடு

ஆராய்ச்சி நிலையத்தில் சிலர் இருந்தார்கள், அம்மா. சண்டை காயலான் கடைச் சரக்கில் ஆரம்பித்தது. பழைய திமிங்கில ஆலையின் இரும்பைப் பிரித்தெடுக்க வந்த அர்ஜென்டினாக்காரர்கள் மார்ச் 19 அன்று தங்கள் நாட்டுக் கொடியை ஏற்றினார்கள். ஏப்ரல் 3-ல் அவர்கள் ராணுவமே வந்து இறங்கியது. அதற்கு முந்தைய நாள் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளும் அவர்கள் கைக்குப் போயிருந்ததால், பிரிட்டன் முதலில் இந்தக் குட்டித் தீவில் கைவைத்தது.