சாங்கியிலிருந்து டெசாரு வரை சைக்கிளில் ஒரு நாள்

கேள்வி: எனக்கு வயது 46. சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். பூங்கா இணைப்புப் பாதைகளில் ஞாயிறுதோறும் 50 கிலோமீட்டர் வரை சைக்கிள் ஓட்டிப் பழகியிருக்கிறேன். என் தம்பியுடன் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக்குள் இரண்டு நாள் பயணம் போக ஆசை. முதல் நாள் எவ்வளவு தூரம் ஓட்டலாம்? எந்த வழி நல்லது? லாரிகளை நினைத்து அம்மா மிகவும் பயப்படுகிறார்.
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் முதலில் கிலோமீட்டரைத்தான் கணக்கிடுகிறார்கள், நம் வட்டாரத்தில் வெயிலைக் கணக்கிட்ட பிறகே தூரத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏழு மணியளவில் உதிக்கும் சூரியன் பதினொரு மணிக்குள் தார்ச்சாலையைக் கொதிக்க வைத்துவிடுகிறது. வழக்கமாக மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கூட, எட்டுக் கிலோ பையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடு பள்ளமான சாலையில் ஏறினால் 16 அல்லது 17 கிலோமீட்டர்தான் போவார். எனவே உங்கள் முதல் நாளுக்கு 50 கிலோமீட்டர் போதும், அதையும் இரண்டு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வழியைப் பொறுத்தவரை, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து ஜோகூர் பாருவின் நெரிசலுக்குள் முதல் பயணத்தைத் தொடங்க வேண்டாம். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து ஜோகூரின் தஞ்சோங் பெங்கெலிஹ் துறைக்குப் போகும் பம்போட் எனும் சிறு மோட்டார்ப் படகுகள் கூடுதல் கட்டணத்துக்குச் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கின்றன. 12 பயணிகள் சேர்ந்தால்தான் படகு புறப்படும் என்பதால், விடிவதற்குள் துறைக்கு வந்துவிடுவது நல்லது. ஆள் குறைவாக இருந்தால் மீதி இருக்கைகளின் கட்டணத்தைச் சேர்ந்து கொடுத்தும் புறப்படலாம். கடப்பிதழ் சோதனை இரு கரையிலும் உண்டு. அக்கரையில் இறங்கியதும் சுங்கை ரெங்கிட் என்ற சிற்றூர் வழியாகக் கடலையொட்டிச் சென்று டெசாரு கடற்கரையை அடையலாம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கைப்பேசி வரைபடம் செனாய்–டெசாரு விரைவுச்சாலையைக் காட்டினால் அதில் ஏறாதீர்கள். மலேசிய விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பட்டுத் தெரிந்துகொண்டது அது. பல ஆண்டுகளுக்கு முன் கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் 90 கிலோமீட்டர் சாலையில், வழியில் கடை வரும் என்று நம்பி இரண்டு புட்டிகளுடன் புறப்பட்டேன். செம்பனைத் தோட்டங்கள் முடிவில்லாமல் நீண்டனவே தவிர, கடை ஒன்றும் கண்ணில் படவில்லை. நண்பகல் கடந்தபோது, அவ்வளவு வெயிலிலும் கைகளில் மயிர் சிலிர்த்தது, தலை சுற்றியது. தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு தமிழ் அம்மாள் என்னை நிழலில் உட்கார வைத்து, உப்புப் போட்ட மோரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொன்னார். வெயிலில் சிலிர்ப்பு வருவது உடல் சூட்டைத் தாங்க முடியாமல் தவிப்பதன் அடையாளம் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. அது வந்தால் அந்த இடத்திலேயே இறங்கி நிழல் தேட வேண்டும். அடுத்த ஊர் வரை சமாளிக்கலாம் என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரையே நாள் முழுவதும் குடிப்பது நல்லதன்று. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கரைத்த புட்டி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கை ரெங்கிட்டில் நன்றாகச் சாப்பிட்டு, புட்டிகளை நிரப்பி, வெயில் உச்சிக்கு வந்தால் அங்கேயே தங்கி, மீதித் தூரத்தை நான்கு மணிக்கு மேல் ஓட்டுங்கள்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் போகும் பெங்கெராங் வட்டாரத்தில் எண்ணெய், இரசாயனத் தொழிற்சாலைகள் இருப்பதால் கனரக வாகனங்கள் அந்தச் சாலையில் உண்டு. பெரிய லாரி கடக்கும்போது அதன் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கைப்பிடியைத் தளர்வாகவும் நேராகவும் பிடித்து, சாலை ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே ஓட்டினால் தடுமாற இடமிருக்கும். தம்பியும் நீங்களும் இணையாகப் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், பகலிலும் பின்விளக்கு எரியட்டும், கைப்பிடியில் சிறு கண்ணாடி ஒன்று இருக்கட்டும். தோட்டத்து நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவே வைத்துக்கொண்டு நடந்தாலே பெரும்பாலும் விலகிவிடும்.

உங்கள் சக்கரத்தில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், பெட்ரோல் நிலையக் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. அதற்கான சிறு இணைப்பியையும் இரண்டு மாற்று டியூப்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் உங்கள் அளவு டியூப் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். நவம்பர் முதல் கிழக்குக் கரையில் பருவமழை வலுக்கும் என்பதால், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மறுநாள் திரும்பும்போது பிற்பகல் மூன்று மணிக்குள் தஞ்சோங் பெங்கெலிஹ் துறைக்கு வந்து சேருங்கள், ஏனென்றால் பன்னிரண்டு பேர் சேர அங்கும் காத்திருக்க நேரலாம்.