பெரிய எழுத்தில் இருப்பது மருந்தின் பெயர் அல்ல

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் மாத்திரை அட்டையிலும் மருத்துவர் சீட்டிலும் கண்ணில் படுகிற, ஆனால் பொருள் பிடிபடாத சொற்களைப் பற்றியவை. நாள் முழுவதும் அச்சொற்களோடு புழங்கும் மருந்தாளுநன் என்ற முறையில், உயிருக்கு நெருக்கமானவற்றை விரித்தும் மற்றவற்றைச் சுருக்கியும் பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். தனியார் மருத்துவரும் வேறொரு பெயரில் ஒன்று எழுதியிருக்கிறார். இரண்டையும் கொடுக்கலாமா? (பாலக்கோடு)

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிறிய எழுத்தில் உள்ள வரியை முதலில் படியுங்கள். பெரிய எழுத்தில் பளிச்சென்று இருப்பது கம்பெனி சூட்டிய வணிகப் பெயர்; அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், அதாவது பொதுப்பெயர். ஜெனரிக் பெயர் என்று கடைகளில் சொல்வதும் இதைத்தான். டோலோ, கால்பால், குரோசின் ஆகிய மூன்றின் அடியிலும் பாராசிட்டமால் என்றே இருக்கும். அரசு வழங்கும் மாத்திரைகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரிலேயே கொள்முதல் செய்வதால், உங்கள் அப்பாவின் அரசு அட்டையில் மெட்ஃபார்மின் என்றும், கடையில் வாங்கிய அட்டையில் ஒரு வணிகப் பெயரும் அதன் கீழே அதே மெட்ஃபார்மினும் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் அவர் ஒரே மருந்தை இருமடங்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் நீங்களாக ஒன்றை நிறுத்திவிடாமல், இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, எதை எத்தனை வேளை என்று எழுதி வாங்குங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் நம் மலையோரக் கிராமங்களுக்குப் பெரும் உதவி. வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் வெளியில் வாங்கும் மாத்திரைகளையும் மறைக்காமல் காட்டுங்கள்.

பொதுப்பெயருக்குப் பின்னால் வரும் ‘ஐ.பி.’ என்பது, இந்திய மருந்துத் தரநூல் வகுத்த தரத்தின்படி தயாரிக்கப்பட்டது என்பதற்கான குறி. விலை குறைந்த அட்டையிலும் அது இருக்கும்.

மாத்திரை பெரிதாக இருப்பதால் அம்மாவுக்கு இரண்டாக உடைத்துக் கொடுக்கிறேன். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறது. தவறா? (அரூர்)

தவறுதான். மாத்திரையை நிறுத்த வேண்டாம், உடைப்பதை நிறுத்துங்கள். எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல். ஆகிய எழுத்துகள், மருந்து வயிற்றுக்குள் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி மாத்திரை அமைக்கப்பட்டிருப்பதைச் சொல்கின்றன. உடைத்தாலோ மென்றாலோ நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் கலந்துவிடலாம். நடுவில் கோடு போட்ட சில மாத்திரைகளை மட்டும் மருத்துவர் சொன்னால் பாதியாக்கலாம். விழுங்கச் சிரமம் என்று சொன்னால் வேறு வடிவில் எழுதித் தருவார்.

இன்சுலின் புட்டியில் 40 என்றும், பேனா வடிவ ஊசிக்கருவியில் 100 என்றும் போட்டிருக்கிறது. மருத்துவர் 20 யூனிட் என்கிறார். எதைப் பார்ப்பது? (காவேரிப்பட்டினம்)

வந்தவற்றில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த கேள்வி இதுதான். யூனிட் என்பது இன்சுலினின் செயல்திறனை அளக்கும் அலகு. 40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிறது என்றும், 100 என்றால் அதே ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிறது என்றும் பொருள். ஆகவே ஊசியும் புட்டியும் ஒரே எண் கொண்டவையாக இருந்தாக வேண்டும். 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி.

ஒரு கோடையில், சர்க்கரை இறங்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்த புட்டியில் 40 என்று இருந்தது. ஊசியின் மூடியோ ஆரஞ்சு நிறம். 20-ஆவது கோடு வரை தவறாமல் உறிஞ்சிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஊசியில் 20-ஆவது கோடு என்பது 0.2 மில்லி, 40 புட்டியிலிருந்து எடுத்தால் அதில் இருப்பது வெறும் 8 யூனிட். அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. ஊசியைக் கொடுத்த கடையில் மூடியின் நிறத்தைப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இது தலைகீழாக நடந்தால் ஆபத்து இன்னும் பெரிது. 100 இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை சரசரவென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். பேனாவில் இந்தக் கணக்கே வேண்டாம். 20 என்று திருகி வைத்தால் 20 யூனிட்தான் வரும். ஆனால் பேனாவுக்கான குப்பியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் கெட்டுவிடும்.

ஓசூரில் மருந்து ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஏ.பி.ஐ., எக்ஸிபியன்ட், பேட்ச், ஜி.எம்.பி. என்கிறார்கள். எளிமையாகச் சொல்ல முடியுமா? (ஓசூர்)

வாழ்த்துகள். நோயின் மீது வேலை செய்யும் மூலமருந்து ஏ.பி.ஐ.; அதை மாத்திரையாகப் பிடித்து வைக்கவும், வயிற்றில் கரையவும் சேர்க்கப்படும் மாவுச்சத்து, செல்லுலோஸ் போன்ற துணைப்பொருள்கள் எக்ஸிபியன்ட். ஒரே சுற்றில், ஒரே சீராகத் தயாரான தொகுதி பேட்ச். ஒன்றில் குறை கண்டால் அந்த எண்ணை வைத்தே நாடு முழுவதும் திரும்பப் பெறுவார்கள் என்பதால், அட்டையில் பேட்ச் எண் இல்லாமல் எந்த மருந்தும் வெளியே போகாது.

ஜி.எம்.பி. என்பது நல்ல உற்பத்தி நடைமுறை; நம் நாட்டில் மருந்துச் சட்ட விதிகளின் அட்டவணை ‘எம்’ அதை வகுத்துச் சொல்கிறது. உங்கள் அன்றாட வேலையில் அதன் உயிர்நாடி பதிவேடுதான். செய்த வேலையைச் செய்த நேரத்திலேயே எழுதுங்கள். பிழையானால் அடித்துக் கிறுக்காமல், பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலையாகவே கொள்ளப்படும்.

செஃபிக்ஸிம் வாங்கப் போனால் கடைக்காரர் சீட்டைக் கேட்டு, என் பெயரையும் எழுதிக்கொள்கிறார். ஏன்? (தேன்கனிக்கோட்டை)

அவர் தம் கடமையைச் செய்கிறார். கிருமிக்கொல்லியான (ஆன்டிபயாடிக்) அந்த மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை ‘எச்-1’ வகையைச் சேர்ந்தது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைப் பதிந்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். கண்டபடி சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போய்விடும் என்பதே இதற்குக் காரணம்.

காலாவதி மாதம் என்று போட்டிருந்தால் எந்த நாள் வரை பயன்படுத்தலாம்? (பென்னாகரம்)

அந்த மாதத்தின் கடைசி நாள் வரை. ஆனால் தண்ணீர் கலக்கிக் கொடுக்கும் பொடி சிரப்புக்கு, கலக்கிய பின் அந்தத் தேதி செல்லாது. எத்தனை நாள் என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு வாரம்தான்.

பக்கவிளைவுக்கும் ஒவ்வாமைக்கும் என்ன வேறுபாடு? (ஊத்தங்கரை)

மருந்தின் இயல்பிலேயே அடங்கியிருக்கும் வேண்டாத வேலை பக்கவிளைவு. சளி மாத்திரைக்குத் தூக்கம் வருவது அப்படி. உடலின் எதிர்ப்பாற்றல் மருந்தைப் பகையாகக் கருதிக் கொந்தளிப்பது ஒவ்வாமை. உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். இரண்டில் எதுவானாலும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். ஒவ்வாத மருந்தின் பொதுப்பெயரை ஒரு தாளில் எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள்; வணிகப் பெயரை மட்டும் எழுதினால் அதே மருந்து இன்னொரு பெயரில் உங்கள் கைக்கு வந்துவிடும்.