பதில்: தொடருக்கு எழுதப் போனால் சொந்தக் கதை கைநழுவுமா?

வணக்கம். குடும்பத்தின் புலம்பெயர்வைத் திரைக்கதையாக எழுதிவரும் நீங்கள், தொலைக்காட்சித் தொடரில் எழுத வந்துள்ள வாய்ப்பை ஏற்றால் அது பாதியில் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். பாலஸ்தீன அமெரிக்கத் திரைப்பட இயக்குநரான செரியன் டாபிஸின் பாதையைக் கவனியுங்கள். ஒஹையோ மாநிலத்துச் சிறுநகரில் வளர்ந்த அவர், 1991 வளைகுடாப் போரின்போது, அரபுக் குடும்பம் என்பதால், மருத்துவரான தம் தந்தையை நாடிவந்த நோயாளிகள் விலகிப்போனதையும், குடும்பத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததையும் பதினான்கு வயதில் கண்டவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்றபின் ‘தி எல் வேர்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளர் குழுவில் பணியாற்றினார். ஆயினும் அந்தப் போர்க்கால அனுபவத்திலிருந்து பிறந்த ‘அம்ரீக்கா’ என்ற தம் திரைப்படத்தை அவர் கைவிடவில்லை. 2009இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட அப்படம், அதே ஆண்டு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில், சர்வதேசத் திரை விமர்சகர்கள் வழங்கும் ஃபிப்ரெஸ்கி விருதையும் பெற்றது. ஒரு தாயும் மகனும் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைப் பகுதியிலிருந்து அமெரிக்கா வந்து சேரும் அந்தக் கதையில் துயரத்துக்கு நடுவே மலரும் சிரிப்பு என்னை இன்றும் நெகிழவைக்கிறது. பிற்காலத்தில் அவர் தொலைக்காட்சித் தொடர்களை இயக்கி, 2022இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரையும் பெற்றார்.

ஆகவே, வாய்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆனால் கையெழுத்திடுமுன், பணிக்காலத்தில் நீங்கள் தனியே எழுதுபவற்றின் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.