ஒற்றைத் தோட்டத்து ஒயினும் தங்கச்சிமடத்து வெயிலும்

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): என் மச்சான் பயணிகள் கப்பலில் சமையல் பிரிவில் இருக்கிறார். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்து சிங்கப்பூர் வழியாக ஊர் வருகிறார். அங்கே விமான நிலையக் கடையில் ஆஸ்திரேலியா ஷிராஸ் (ஒரு திராட்சை வகை) ரெட் ஒயின் ஒன்று, 'சிங்கிள் வைன்யார்ட்' என்று போட்டது, நம் பணத்துக்கு ஒன்பதாயிரம் வருகிறதாம். அதே கம்பெனியின் சாதா பாட்டில் இரண்டாயிரத்துக்குள். அப்பா அம்மாவுடைய கல்யாணப் பொன்விழாவுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அன்றைக்குத் திறக்க இப்போதே வாங்கி வைக்கலாமா? அந்த விலை தகுமா? சுங்கத்தில் தொல்லை வருமா?

பதில்: வாங்குவது உங்கள் விருப்பம். நாலு வருஷம் வைப்பது மட்டும் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதில் என் சொந்தக் காசும் போயிருக்கிறது.

முதலில் அந்தப் பெயர். சாயல்குடிப் பக்கம் ஒரே பனங்காட்டில் இறக்கிய பதநீரை ஒரே அடுப்பில் காய்ச்சி எடுத்த கருப்பட்டி ஒன்று. நாலு ஊரில் வாங்கி, கலந்து, சிப்பம் கட்டி அனுப்புவது இன்னொன்று. 'சிங்கிள் வைன்யார்ட்' முதல் வகை. ஒரு தோட்டத்துத் திராட்சை மட்டும், வெளிச்சரக்கு சேராதது. இதைத் தரச் சான்று என்று நினைத்துவிடாதீர்கள், இது விலாசம் மட்டும்தான். மோசமான காட்டிலும் ஒரே காட்டுக் கருப்பட்டி காய்ச்சலாமே.

ஆஸ்திரேலியாவிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் வேலியில் ஹென்ஷ்கி குடும்பத்தின் 'ஹில் ஆஃப் கிரேஸ்' தோட்டம். எதிரே ஒரு பழைய லூத்தரன் கோயில், பெயர் க்னாடன்பெர்க். ஜெர்மன் மொழியில் அதற்கு அருளின் குன்று என்று பொருள், தோட்டத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அங்குள்ள மூத்த ஷிராஸ் கொடிகள் 1860-களில் நட்டவை. அதே காலத்தில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது நுழையவில்லை, அதனால் அந்தக் கொடிகள் பூச்சி தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. சிரில் ஹென்ஷ்கி 1958 அறுவடையைத்தான் முதன்முதலாகத் தனி ஒயினாகப் போட்டார். 1974, 2000 அறுவடைகள் திருப்தியாக இல்லாததால் அந்த ஆண்டுகளில் பாட்டிலே வெளியிடவில்லை. இந்த ஒயினுக்குக் கொடுக்கும் பெரிய விலையில் அந்தக் கண்டிப்பும் அடக்கம் என்பேன்.

அதே மாநிலத்தில் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் 'கிரேஞ்ச்' இருக்கிறது. 1951-இல் மேக்ஸ் ஷூபர்ட் தொடங்கியது. பல ஊர்த் தோட்டங்களின் திராட்சையை வேண்டுமென்றே கலந்து செய்வது. அதுவும் உலகப் புகழ், அதுவும் கொள்ளை விலை. ஆகவே கலந்தது மட்டம், ஒற்றைத் தோட்டம் உசத்தி என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் விற்க வந்தவர்.

விலை ஏன் ஏறுகிறது? கிழட்டுக் கொடி காய்ப்பது குறைவு. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் திராட்சை போகும். எந்தத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும், சிவப்பெல்லாம் தொலியில். அதனால் ரெட் ஒயினைத் தொலியோடு சேர்த்தே ஒரு வாரம், இரண்டு வாரம் நொதிக்க விடுகிறார்கள். தொலி மேலே மிதந்து கெட்டியாக மூடிக்கொள்ளும். அதைத் தினமும் அமுக்கி, கிளறிவிட வேண்டும். பிறகு பிழிந்து ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 300 பாட்டில்தான் தேறும், அதிலும் மரத்தின் வழியாகக் கொஞ்சம் ஆவியாகிப் போகும். புதுப் பீப்பாயின் விலை முழுக்க அந்த 300 பாட்டில் தலையில்தான். ஆனாலும் இரண்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் செலவு கிடையாது. அருமைக்குக் கொடுக்கும் விலை அதில் கணிசம்.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள்: லேபிளில் தோட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பெயரே சொல்லாமல் 'சிங்கிள் வைன்யார்ட்' என்று மட்டும் இருந்தால், 'ஒரே காடுதான் அண்ணே' என்று சொல்லி எந்தக் காடு என்று சொல்லாத வியாபாரி மாதிரி. 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு ஆஸ்திரேலியாவில் சட்டப்படி அர்த்தமே கிடையாது. ஆண்டு, வட்டாரம், திராட்சை வகை இவற்றை லேபிளில் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சுங்கம்: வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டு லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், சரி. மூன்றாவதை வைத்தால் இரண்டேகால். கூடுதலுக்குச் சொல்லி வரி கட்ட வேண்டியதுதான். ரசீதும் முத்திரையிட்ட பையும் ஊர் வரும் வரை பிரிபடாமல் இருக்கட்டும். (இந்தக் கரைக்கு வெளிநாட்டு ஒயின் வருவது புதிதல்ல. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தைத் தோண்டியபோது ஒயின் ஏற்றிவரும் ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவர்களுக்கு எத்தனை லிட்டர் அனுமதியோ!)

இனி என் கதை. இதே மாதிரி ஒரு நல்ல பாட்டில், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொடுத்தது. மண்டபத்து வீட்டில் பீரோ மேல் துணி சுற்றிப் படுக்க வைத்திருந்தேன். மூன்று கோடை கழிந்து எடுத்தால், உப்புக் காற்றில் லேபிள் ஒரு மூலை உரிந்து சுருண்டிருந்தது. தக்கை கழுத்துக்கு மேலே அரை விரல் துருத்தியிருந்தது, துணியில் காய்ந்த கறை. ஊற்றிப் பார்த்தால் புளிக்கரைசல் நிறம், வாயில் வைத்தால் வேகவைத்த பழத்தின் ருசி, அதற்குப் பின்னால் காடி. இந்தச் சரக்குக்கு 12 முதல் 15 டிகிரி வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். நம் ஊரில் மே மாதம் மின்தடையோடு சேர்ந்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃப்ரிட்ஜில் வருஷக்கணக்கில் வைத்தால் தக்கை காய்ந்து காற்று உள்ளே போகும்.

ஆகவே வந்த சில வாரங்களில் திறந்துவிடுங்கள். அதுவரை ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் இருக்கட்டும். ரெட் ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பியக் கல்வீட்டு அறை, பதினாறு பதினெட்டு டிகிரி. நம் முப்பத்திரண்டு அல்ல. வெளியே எடுத்து அரைமணி நேரம் போதும். அப்பாவையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். பூசையின் திராட்சை ரசமும் கிறிஸ்துமஸ் வீட்டு ஒயினும் இனிப்பு. இது இனிக்காது. நாவல்பழம் தின்றது போல நாக்கைத் துவர்ப்பாகப் பிடிக்கும். பொன்விழாவுக்கு அந்த வருஷமே மச்சானை வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி (பாம்பன்): வாட்ஸப்பில் ஒருவர், 'ஏர்போர்ட்டில் பிடிபட்ட பிரெஞ்சு ஒயின், ஒரே தோட்டம், பாதி விலை, வீட்டுக்கே வரும், பாதிப் பணம் முன்கூட்டி' என்கிறார். நம்பலாமா?

பதில்: கூடாது. தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். வீட்டுக்கே கொண்டுவந்து விற்க யாருக்கும் அனுமதி இல்லை. (நம் ஆட்கள் அந்தக் கடையை ஒயின்ஷாப் என்பார்கள். ஒயினைக் கேட்டால்தான் கடைக்காரர் யோசிப்பார்.) ரசீது இல்லாத பொருளுக்கு 1915 என்ற உதவி எண்ணில் நுகர்வோர் புகாரும் எடுபடாது. முறையாக இறக்குமதியான பாட்டிலில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் எல்லாம் ஒட்டியிருக்கும்.

பெயருக்குத்தான் விலை என்றால் பெயரைத்தான் போலி செய்வார்கள். 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் 'குளோ சான் தெனி' என்ற பிரெஞ்சு ஒற்றைத் தோட்டத்து பாட்டில்கள் வந்தன. பொன்சோ குடும்பம் தயாரித்தது, 1945 முதல் 1971 வரை என்று லேபிள். அந்தக் குடும்பத்து லோரான் பொன்சோ நேரில் போய் நிறுத்தினார். காரணம், அவர்கள் அந்தத் தோட்டத்து ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-இல்தான். விற்க வந்த ரூடி குர்னியவானுக்கு 2014-இல் பத்து வருஷச் சிறை கிடைத்தது. லட்சங்களைக் கொட்டி வாங்குகிறவர்களுக்கே அந்தக் கதி. முன்பணம் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): பழைய ரெட் ஒயின் பாட்டிலின் அடியில் கறுப்பாகக் கசடு. கெட்டுப்போனதா?

பதில்: இல்லை. நிறமும் துவர்ப்பும் நாளாவட்டத்தில் சேர்ந்து படிவதுதான் அது. திறப்பதற்கு முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் ஆட்டாமல், சாய்த்த கையை எடுக்காமல் ஒரே தடவையில் குடுவைக்கு மாற்றுங்கள். கசடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், கடைசி இரண்டு விரற்கடை பாட்டிலிலேயே இருக்கட்டும்.