பழைய வண்டியும் புது வண்டியும்: பட்டறைக் கேள்விகளுக்குப் பதில்

சின்னப் பட்டறைதான். ஒரு பக்கம் கார்புரேட்டர் திறந்தபடி பழைய பிரீமியர் பத்மினி கார் நிற்கும், இன்னொரு பக்கம் செக் இன்ஜின் விளக்கு எரியும் பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) கார் நிற்கும். கேட்டவர்களின் கேள்வியைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். பதில் தேவைப்பட்ட இடத்தில் நீளும்.

கேள்வி (தஞ்சாவூர்): அண்ணே, தாத்தா ஓட்டிய 1974 மாடல் புல்லட் 350 கொட்டகையில் பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. கிக்கர் இறங்கவே இல்லை. மொத்தமாகப் பிரித்து எல்லாத்தையும் புதுசாகப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பிரிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிக்கர் இறங்காததற்குப் பெரும்பாலும் காரணம், பிஸ்டன் ரிங் துருவேறி போரோடு, அதாவது சிலிண்டரின் உள்சுவரோடு, பிடித்துக்கொண்டிருப்பதுதான். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். இடையிடையே இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். முதலில் கல் மாதிரி நிற்கும். பிறகு ஒரு நூல் அளவு அசையும், அப்புறம் இரண்டு நூல். அவசரப்பட்டுக் கிக்கர் மேல் ஏறி மிதித்தால் உள்ளே பல் உடையும், கியர்பாக்ஸ் செலவும் சேர்ந்துகொள்ளும்.

பிடிப்பு விட்டதும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை பரபரக்கும். ஆயில் மாற்றாமல் செய்யாதீர்கள். இந்தப் புல்லட்டில் ஆயில் தொட்டி தனியாக இல்லை, கிராங்க் கேஸிலேயே ஓர் அறைதான். நெடுநாள் நின்றால் ஆயில் பம்பைத் தாண்டிக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அடிப் போல்ட்டைக் கழற்றிப் பழசை முழுவதும் இறக்கி, 20டபிள்யூ50 ஊற்றி, பிளக் போடாமலே கிக் அடியுங்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி வைத்தால் ஆயில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் பிளக்.

வால்வு இடைவெளியை வைக்கும் டேப்பட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிளக்குக்குப் பொறி வரவைக்கும் பாயிண்டின் இடைவெளி (கேப்) 0.35 முதல் 0.40 மி.மீ. வரை.

ஓடவிட்டுப் பார்த்தபின் புகையும் தட்டலும் இருந்தால் ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது, பற்றி யோசிக்கலாம். இந்த இன்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. லேத்துக்குப் போகும் முன் ஓவர்சைஸ் பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல், அந்தப் பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பத்தான் போரை எடுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகம் எதையும் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் அன்று செய்த பாகம் அதிகம் தேயாமல் இருந்தால், இன்று கிடைக்கும் டூப்ளிகேட்டை விட அதைச் சரிசெய்து போடுவதே மேல்.

அதே தம்பி: என்னிடம் இருக்கும் ஸ்பேனர் எதுவும் சரியாக உட்காரவில்லை அண்ணே. 12 லூசு, 11 டைட்டு.

பதில்: இழுத்துத் திருகாதீர்கள், நட்டின் முனை மழுங்கிவிடும். அந்தக் காலத்துப் புல்லட் இங்கிலாந்து வடிவமைப்பில் வந்தது, அதனால் பல இடங்களில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட்டின் தடிமன், நட்டின் எதிரெதிர்ப் பக்க அகலம் அல்ல. அதனால்தான் அதில் உள்ள எண்ணுக்கும் ஸ்பேனரின் வாய் அளவுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரிகிறது. அம்பாசடரில் பெரும்பாலும் ஏ.எஃப். அளவு, அதாவது பக்க அகலத்தை அங்குலத்தில் சொல்வது. ஃபியட் வழி வந்த பத்மினி மெட்ரிக், ஜாவா பைக்கும் மெட்ரிக். சென்னைக்கு வந்தால் புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள், பழைய விட்வொர்த் ஸ்பேனர் கிடைக்கும். புதிதாக வரும் மலிவான செட்டை விட அது உறுதி.

கேள்வி (மதுரை): யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வெள்ளையாகப் புகைகிறது. ஆயில் பம்பைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடாது. இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலோடு எரியும் 2டி ஆயிலைக் குறைத்தால் பிஸ்டன் பிடித்துவிடும். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், கிராங்கின் கிளட்ச் பக்க சீல் போய்விட்டது. கிராங்க் கேஸ் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது.

மேக்னட் பக்க சீல் போனால் கதை வேறு. புகை வராது, காற்று இழுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் காற்றுக்கேற்ற பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். ஐட்லிங்கில் விட்டு மேக்னட் பக்கம், கார்புரேட்டர் ரப்பர், ரீட் வால்வு பேக்கிங் என்று ஒவ்வோர் இடமாகக் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடியுங்கள். சத்தம் மாறும் இடத்தில்தான் காற்று இழுக்கிறது. தீப்பிடிக்கும் பொருள், சைலன்சர் பக்கம் அடிக்காதீர்கள். இடப்பக்க சீலை மேக்னட்டைக் கழற்றினாலே மாற்றிவிடலாம்.

கேள்வி (சேலம்): சார், பிரீமியர் பத்மினி. மத்தியானம் டிராஃபிக்கில் நின்றால் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. வேப்பர் லாக், பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைக்கிறது என்கிறார்கள்.

பதில்: இருக்கலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டோடு வேலை செய்யும் கண்டென்சர் பழுதானாலும் இதே மாதிரிதான் நடக்கும், சூட்டில் அணையும், ஆறினால் பிடிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பம்பு, கார்புரேட்டர் என்று காசு போடாதீர்கள்.

அடுத்த முறை அணைந்த உடனே, ஆற விடாமல், ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உடலை இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, கிராங்க் செய்யச் சொல்லிப் பாருங்கள். சிந்திய பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீலமாக, டக் டக் என்று சத்தத்தோடு பொறி வந்தால் மின்சாரப் பக்கம் சரி, பிரச்சினை பெட்ரோலில். மஞ்சளாக, நூல் மாதிரி சோர்ந்து வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் விழுந்திருந்தால், கருகி நீலம் பாய்ந்திருந்தால், கண்டென்சரை மாற்றுங்கள். காயிலையும் சந்தேகப்படலாம்.

பெட்ரோல்தான் என்று முடிவானால், காரணம் எளிது. மெக்கானிக்கல் பம்பு இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, அதனால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். வழியில் நின்றால் பம்பின் மேல் ஈரத் துணி போடுவது பழைய டாக்ஸிக்காரர்களின் வைத்தியம், இன்றைக்கும் வேலை செய்யும். நிரந்தரத் தீர்வுக்கு, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சூடு தடுக்கும் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பிரித்தவர் போடாமல் விட்டிருப்பார். பெட்ரோல் பைப்பைச் சைலன்சர் மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள், ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி (திருப்பூர்): இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: பயந்து வண்டியை மூடி வைக்க வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். எத்தனால் மூன்று வேலை செய்கிறது. பழைய ரப்பரை ஊதவோ வெடிக்கவோ வைக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது, ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துரு பிடிக்க வைக்கிறது. மூன்றாவது, கலவையை லீன் ஆக்குகிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கே போதும். அதே ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை), அதே காற்று என்றால் எரிபொருள் போதாமல் போகும்.

அதனால் பெட்ரோல் பைப், கார்புரேட்டர் ஓ-ரிங், பம்பு டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வைட்டான் என்று கேட்டால் ஓ-ரிங் தருவார்கள். பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள்.

அவரே: டேங்கில் ஏற்கெனவே துரு. வெல்டிங் கடையில் வெட்டிச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே இருக்கும் ஆவி போதும். சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஒரு நாள் வைத்தாலே லேசான துரு கழன்றுவிடும். இறக்கிய உடனே சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, சூடான காற்றடித்துக் காயவைத்து, கொஞ்சம் ஆயில் சுற்றிவிடுங்கள். தாமதித்தால் கண் முன்னாலேயே மறுபடி செம்மை படரும். சலவைச் சோடா கரைசலில் கரண்ட் விட்டும் எடுக்கலாம், ஆனால் அதில் எவர்சில்வர் கம்பியை மட்டும் பயன்படுத்தக் கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும்.

கேள்வி (திருச்சி): சார், பெட்ரோல் கார், செக் இன்ஜின் விளக்கு. ஸ்கேனரில் பி0171 வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள்.

பதில்: பி0171 சொல்வது கலவை லீன் என்பதை மட்டும்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தச் சென்சார். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள், வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது. ஐட்லிங்கில் டிரிம் அதிகமாக ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால், எங்கோ காற்றுக் கசிவு. ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், விரிசல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். மாறாக, வேகம் கூடக் கூட டிரிமும் ஏறினால் பெட்ரோல் பம்பு அழுத்தம், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சாரின் அழுக்கு இவற்றைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பார்த்தோம் என்று அளவோடு சொன்ன பிறகு சென்சார் பற்றிப் பேசலாம்.

கேள்வி (வேளச்சேரி): மழை வெள்ளத்தில் கார் சீட் வரை மூழ்கினால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியைப் போட்டு ஒரு முறை ஆன் செய்து பார்ப்பதுகூட வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல இன்ஜின்களைக் கெடுத்தது அந்த ஒரு முயற்சிதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் ஏறினால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் சக்கரத்தில் உருட்டாமல் லாரி மேல் ஏற்றச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): 1968 அம்பாசடர் ஒன்று விலைக்கு வருகிறது. புது பெயிண்ட், பளபளவென்று இருக்கிறது. விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

பதில்: புது பெயிண்ட் அடித்து விற்கும் பழைய காரைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிக் கதவுக்குக் கீழே உள்ள பட்டை, மட்கார்டின் அடி முனை, டிக்கி தரை என்று தடவி வாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பின் கதவைத் திறந்து லேசாக மேலே தூக்கி, கீல் பக்கம் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் நூறு ரூபாய் இருந்தால் பிரேக், ஸ்டீயரிங், டயர், வயரிங் இவற்றுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து. மங்கிய பழைய பெயிண்டோடு நேராக நிற்கும் கார் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

பதிவு பற்றி: 2021-ல் வந்த மத்திய விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாத சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் ரூ.20,000, பத்து வருஷம் செல்லும், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் அதன்பின் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர நினைத்தால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். டீசல் இன்ஜின் மாற்றியிருந்தால், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): எங்க வீட்டு ஷெட்லயே அப்பாவோட பத்மினிய நானே செய்யலாம்னு இருக்கேங்க. முதல்ல என்ன வாங்கட்டும்?

பதில்: நல்லதுங்கம்மா, செய்யுங்க. ஆக்ஸில் ஸ்டாண்ட் நான்கு, மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், ஒரு தீயணைப்பான். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். 2கே பெயிண்டை வீட்டில் அடிக்க வேண்டாம், அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், சாதாரண மாஸ்க் தடுக்காது. பிரேக் வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். வீல் சிலிண்டர் கிட்டை நான்கு சக்கரத்துக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் சேர்த்தே வாங்குங்கள். அந்த ரப்பரை பிரேக் ஆயிலில் மட்டும் கழுவ வேண்டும், பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பட்டால் ஊறிப் பெருத்துவிடும்.