‘பெர்சுவேட்’ என்பதை ‘வற்புறுத்துதல்’ என்று மொழிபெயர்க்கலாமா? ‘கன்வின்ஸ்’ என்பதிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

பெரும்பாலான இடங்களில் ‘வற்புறுத்துதல்’ பொருந்தாது. நீங்களும் ஏதோ ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒருமுறை இதே இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் கடந்து சென்றதன் விளைவை இன்னும் மறக்க முடியவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிறுவனத்தின் உள்விசாரணைக்காக ஊழியர் ஒருவர் ஆங்கிலத்தில் அளித்திருந்த வாக்குமூலத்தை நான் தமிழாக்கினேன். வேறு பிரிவுக்கு மாறும்படி மேலாளர் தம்மை ‘பெர்சுவேட்’ செய்ததாக அதில் ஒரு வரி இருந்தது. கையடக்க அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு, ‘மேலாளர் என்னை வற்புறுத்தினார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணைக் குழுவினர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலாளரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டனர். இறுதியில் தமிழ்ப் படியைப் படித்துப் பார்த்த அந்த ஊழியரே, “அவர் என்னைக் கட்டாயப்படுத்தவே இல்லையே, நன்மை தீமைகளை எடுத்துச் சொன்னார், யோசித்துவிட்டு நானும் சரி என்றேன்” என்று கூறினார். ‘எடுத்துச் சொல்லி இணங்க வைத்தார்’ என்று அன்றே திருத்திக் கொடுத்தேன். ஆனால் செய்யாத ஒன்றுக்காக ஒருவர் அரை நாள் தலைகுனிந்து பதில் சொல்ல நேர்ந்ததற்கு என் பேனாதான் காரணம்.

அதன் பிறகு நான் கைக்கொண்ட சோதனை எளிது. ‘வரச்சொல்லி வற்புறுத்தினேன், அவர் வரவில்லை’ என்பது இயல்பான தமிழ். ‘வர இணங்க வைத்தேன், அவர் இணங்கவில்லை’ என்பது தன்னைத் தானே மறுக்கும் வாக்கியம். ‘பெர்சுவேட்’ இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எதிரிலிருப்பவரின் மனம் இசைந்த பிறகே அச்சொல்லை இறந்தகாலத்தில் ஆள முடியும். இசையாவிட்டால், முயன்றதாக மட்டுமே ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஆக, வற்புறுத்தலில் அழுத்தம் உண்டு, விளைவு உறுதியில்லை. ‘பெர்சுவேட்’டில் விளைவு உண்டு, அழுத்தம் இருக்க வேண்டியதில்லை.

‘கன்வின்ஸ்’ என்பதன் இலத்தீன் வேர் வெல்லுதல் என்னும் பொருளுடையது. குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பதைக் குறிக்கும் ‘கன்விக்ட்’டும் அதே வேரில் பிறந்ததுதான். ‘பெர்சுவேட்’டின் வேரோ அறிவுரை கூறுதல், தூண்டுதல் என்பது, அது இனிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு உறவுடையது. மரபான ஆங்கில வழக்கில், ஒரு கருத்தை நம்பச் செய்வது ‘கன்வின்ஸ்’, ஒரு செயலைச் செய்ய இசைவிப்பது ‘பெர்சுவேட்’. புகை உடலைக் கெடுக்கும் என்று முழுமையாக நம்புகிற ஒருவர் புகைப்பதை விடாமலிருக்கலாம். அவர் விஷயத்தில் முதலாவது நடந்துவிட்டது, இரண்டாவது நடக்கவில்லை.

இக்காலத்தில் இரண்டையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆள்கிறார்களே என்று சிலர் உடனே சொல்லக்கூடும். உண்மைதான், செயலுக்கும் ‘கன்வின்ஸ்’ என்று சொல்வது, குறிப்பாக அமெரிக்க வழக்கில், பரவலாகிவிட்டது. அதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பவர், மாறியது எண்ணமா செயலா என்று பார்த்து, ‘நம்ப வைத்தல்’, ‘இணங்க வைத்தல்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

பழந்தமிழில் ‘வற்புறுத்தல்’ வேறு பொருளில் வரவில்லையா என்று கேட்பவர்களுக்கும் மறுப்பில்லை. பிரிவினால் வாடும் தலைவியைத் தோழி வற்புறுத்தியதாகச் சங்க அகப்பாடல்களின் துறைக் குறிப்புகள், அதாவது பாடலின் சூழலைச் சொல்லும் சிறு குறிப்புகள், கூறும்போது, தலைவன் வருவான் என்று தேற்றி மனத்துக்கு உறுதியூட்டினாள் என்பதே பொருள். வற்பு என்றால் உறுதி. அந்தப் பொருள் இன்றும் வழக்கில் இருந்திருந்தால் என் மொழிபெயர்ப்பு அவ்வளவு தீங்கு செய்திருக்காது. இன்றைய வாசகர் காதில் அச்சொல் கட்டாயமாகவே ஒலிக்கிறது. வாக்குமூலம் படிக்கப்படுவதும் அந்தக் காதுகளுக்காகத்தான்.